மூன்று வண்டி, எட்டுப் பேர், ஒரு கயிறு

இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பரில், கொடைக்கானல் மலையில் மன்னவனூர் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் எங்கள் மூன்று வண்டிகளும் வரிசையாக நின்றுபோயின. நடு வண்டி சகதியில் அச்சு வரை இறங்கியிருந்தது. முன்னால் போனவர் திரும்பி வர இடமில்லை. பின்னால் வந்தவர் தாண்டிப் போகவும் வழியில்லை. மழை விட்டபாடில்லை. சாமான்களை எல்லாம் இறக்கிப் பார்த்தோம். காற்றடிக்கும் கம்ப்ரசர் மூன்று இருந்தது. கேஸ் அடுப்பு மூன்று. நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்பது. இழுக்க ஒரு கயிறு இல்லை. அது அடுத்த வண்டியில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

கேரட் ஏற்ற வந்த பிக்கப்காரர்தான் அன்று எங்களை மீட்டார். "கயிறு எங்கண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றதும் மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டும் நைலான் கயிற்றை அவிழ்த்து நாலாக மடித்துப் பூட்டினார். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, அறுந்து அடிச்சா கண்ணு போயிரும்" என்று எங்களை மேட்டில் ஏற்றி நிற்கவைத்தார். மூன்றாவது இழுப்பில் வண்டி வெளியே வந்தது. பணம் நீட்டியதற்கு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த மாலையிலிருந்து எங்கள் குழு சாமான் வாங்கும் முறை மாறிவிட்டது. கடையிலும் காணொளிகளிலும் சொல்வதெல்லாம் ஒற்றை வண்டிக் கணக்கு: உங்கள் வண்டிக்கு இந்த டயர், இந்த பம்பர், இந்த வின்ச் (வண்டி முன்னால் மாட்டி, மோட்டாரால் வடத்தைச் சுற்றி இழுப்பது), இந்தக் கூடாரம். கூட்டமாகப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும். எது ஒவ்வொரு வண்டியிலும் கட்டாயம் இருக்க வேண்டும், எது மொத்தக் கூட்டத்துக்கும் ஒன்று போதும் என்று முதலில் பிரிக்க வேண்டும். வரும் ஜனவரியில் அதே பக்கம் இரண்டு இரவு தங்கப் போகிறோம். அதற்காக நாங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வண்டி வேறாக இருக்கலாம், மலை வேறாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எங்களிடம் இருப்பவை: டீசல் மகிந்திரா தார் ஒன்று, ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஒன்று, பழைய மகிந்திரா பொலேரோ ஒன்று. முதல் இரண்டும் ஃபோர் பை ஃபோர், நான்கு சக்கரமும் இழுக்கும். பொலேரோவுக்குப் பின்சக்கரம் மட்டும்தான் ஓடும். கோயம்புத்தூரில் கிளம்பி, பழநி வழியாகக் கொடைக்கானல் ஏறி, பூம்பாறை தாண்டி மன்னவனூர் பக்கம். தங்குவது தனியார் தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழநி மலையில் ஒரு பெரிய பகுதி 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் அதற்குள் கூடாரம் அடிப்பது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நம்மால் மறக்க முடியாது. பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்துவிடும். அதனால்தான் ஜனவரியோடு முடித்துக்கொள்கிறோம். இன்னொன்று, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வேண்டும். மூன்று வண்டிக்கும் தனித்தனியாக எடுத்துவிடுங்கள்.

சொந்த வண்டியில் கடைசி வரை போவதா, அடிவாரத்தில் நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப் பிடிப்பதா என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கௌரவப் பிரச்சினையாக்கிப் பணத்தை இறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும். அந்தக் கல்பாதையில் ஒவ்வொரு கல்லும் அந்த டிரைவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ஜீப் பிடிப்பதுதான் சரி. செலவும் குறைவு, வண்டியும் பிழைக்கும். நாங்கள் போகும் தோட்டத்துக்கு மண்பாதை மொத்தமே மூன்று கிலோமீட்டர். காய்ந்திருந்தால் பொலேரோகூட ஏறிவிடும். ஈரமென்றால் கடைசி ஒரு கிலோமீட்டர் ஏற்றம்தான் சிக்கல். ஆகவே எங்கள் தீர்மானம் இது: மூன்று வண்டியும் மண்பாதை முகப்பு வரை வரும். அங்கே இறங்கி, நடந்து போய்ப் பாதையைப் பார்த்த பிறகுதான் பொலேரோ மேலே வருமா என்று முடிவு செய்வோம். வராது என்றால் அது கீழே கடைக்காரர் வாசலில் நிற்கும். சாமான் இரண்டு நடையாக மேலே போகும்.

அடுத்தது எடை. குழுப் பயணங்களில் யாரும் பேசாத விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான் சுமக்கலாம் என்று மொத்த எடை வரம்பு உண்டு. ஆட்கள், பெட்ரோல், சாமான், நீங்கள் மாட்டிய பம்பர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஐந்து கதவு ஜிம்னியின் வெறும் எடை சுமார் 1,200 கிலோ. மொத்த வரம்பு 1,545 கிலோ. மிச்சம் 345 கிலோ பக்கம். 72 கிலோ ஆள் நான்கு பேர் ஏறினாலே 288 போய்விடும். எஞ்சிய 57 கிலோவில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, கூடாரம் ஒன்று, துணிப்பை நான்கு வைத்தால் கதை முடிந்தது. அதன் மேல் கூரைக் கேரியர், அதன் மேல் கூரைக் கூடாரம், முன்னால் இரும்பு பம்பர், வின்ச் என்று ஏற்றினால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். வளைவில் வண்டி சாயும். கொண்டை ஊசி இறக்கத்தில் பிரேக் காய்ந்து நாறும். பழநி மலைப்பாதையில் இறங்கும்போது அந்த வாடையை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதனால் ஆளைப் பிரிப்பதும் சாமானைப் பிரிப்பதும் ஒரே கணக்கு. ஜிம்னியில் இரண்டு பேர், தாரில் மூன்று, பொலேரோவில் மூன்று. தாருக்குப் பின்சீட்டை மடித்தால்தான் சாமான் வைக்க இடம். ஒருவர் பக்கம் மட்டும் மடித்துக்கொள்கிறோம். கனமான சாமானுக்குப் பொலேரோதான் பொருத்தம். பின்னால் பட்டை ஸ்பிரிங் இருப்பதால் சுமை ஏறினாலும் அசராது. ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியை எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. சிலிண்டர், சமையல் பாத்திரம், தண்ணீர் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஏற்றத்துக்கு முன் அதன் சுமையை மற்ற இரண்டுக்கும் மாற்றி, வெறும் வண்டியாக ஏற்றினால் பாதி நேரம் அதுவும் ஏறிவிடுகிறது.

தண்ணீர் எடைதான் பெரியது. குடிக்க, சமைக்க, பாத்திரம் அலச ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் வைத்தால், எட்டுப் பேருக்கு இரண்டரை நாளில் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. அதைக் கோவையிலிருந்து சுமந்துகொண்டு மலையேற வேண்டியதில்லை. காலி 20 லிட்டர் கேன் ஐந்தைக் கொண்டுபோய்க் கொடைக்கானலில் நிரப்புகிறோம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கிக் குவிப்பது அந்த மலையில் தடை செய்யப்பட்டது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே கூடாது. மலைக்கு அது நல்லது, நமக்கும் கேன்தான் வசதி.

இனி டயர். கையில் இருக்கும் பணத்தில் வண்டிக்கென்று ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் டயரைத்தான் செய்வேன். கடையில் மூன்று வகை சொல்வார்கள்: தார்ச்சாலைக்கான எச்டி, இரண்டுக்கும் பொதுவான ஏடி, சகதிக்கான எம்டி. எம்டியின் பெரிய கட்டைகள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சகதியில் மண்ணை உதறிவிட்டு அடுத்த பிடி பிடிக்கும். ஆனால் எங்கள் பயணத்தில் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை, மொத்தமாகச் சேர்த்தாலும் ஆறு கிலோமீட்டர் மண். மழையில் நனைந்த மலைப்பாதைத் தாரில் எம்டி டயர் ஏடி அளவுக்குப் பிடிக்காது. பிரேக் தூரம் கூடும், இரைச்சலில் பேச முடியாது, டீசலும் கூடக் குடிக்கும். ஆறு கிலோமீட்டருக்காக முந்நூறு கிலோமீட்டர் பாதுகாப்பை அடகு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏடிதான் எங்கள் தேர்வு. தார் வாங்கும்போதே ஏடியோடு வந்தது. ஜிம்னிக்கு எச்டி தேய்ந்த பிறகு மாற்றுகிறோம்.

ஜிம்னிக்கு அளவையும் ஏற்ற வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டோம். அதன் ஒரிஜினல் 195/80 ஆர்15 டயரின் குறுக்களவு 693 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703. பத்து மில்லிமீட்டர் கூடுகிறது. தரையிலிருந்து அச்சு உயர்வது அதில் பாதி, ஐந்து மில்லிமீட்டர். ஒரு கைவிரல் கனம்கூட இல்லை! அந்த அளவு டயருக்கு உண்மையான ஆதாயம் வேறு. அது பொலேரோ சைஸ், எந்தச் சின்ன ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். ஜிம்னியின் ஒரிஜினல் அளவுக்கு அலைய வேண்டும். அந்தக் காரணத்துக்காக மாற்றுகிறேன் என்றால் புரிந்துகொள்வேன். உயரத்துக்காக என்றால் பணத்துக்குக் கேடு.

வண்டியை உயர்த்த மாட்டும் லிஃப்ட் கிட் பற்றியும் அதேதான். இரண்டு அங்குலம் உயர்த்தினால் கல் தட்டாது, உண்மைதான். ஆனால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. கூரையில் சாமானும் இருந்தால் சரிவான பாதையில் வண்டி கவிழும் எல்லை நெருங்கிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். தாரின் அடிப்பாகம் கம்பெனியிலிருந்தே தரைக்கு மேல் 226 மில்லிமீட்டர் உயரத்தோடு வருகிறது, ஜிம்னி 210. எங்கள் பாதைக்கு இது போதும். போதாத பாதைக்கு எங்களுக்கு இன்னும் அனுபவமும் போதாது.

டயரைவிட மலிவான, டயரைவிடப் பலன் தரும் ஒரு வேலை காற்றைக் குறைப்பது. சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் வைத்து ஓட்டும் டயரைச் சகதி முகப்பில் 20-க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், பிடிப்பு கூடும், கல்லில் குதிக்காமல் மடங்கிக் கொடுக்கும். இன்னும் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் 18-க்குக் கீழே நாங்கள் போவதில்லை. ஆனால் திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகக் கம்ப்ரசர் அவசியம், ஆனால் ஆளுக்கொன்று தேவையில்லை. சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன ரகம் மூன்று வாங்கிய காசில் பேட்டரியில் நேராகக் கவ்வும் நல்லது ஒன்று வாங்கலாம். லைட்டர் பிளக்கின் ஃபியூஸ் 10, 15 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பன்னிரண்டு டயருக்கு அதை ஓடவிட்டால் பாதியில் சூடேறி நின்றுவிடும். பேட்டரி ரகம் ஒன்று, அது பழுதானால் ஒரு கால்பம்பு. கூட்டத்துக்கு இவ்வளவு போதும். பஞ்சர் கிட், காற்றளவு பார்க்கும் மீட்டர், நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் ஆகியவை மட்டும் வண்டிக்கு வண்டி தனியாக வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்தீர்களா? எங்கள் பொலேரோவில் ஒருமுறை 12 பிஎஸ்ஐ இருந்தது.

இப்போது கயிற்றுக்கு வருகிறேன். வின்ச்சா, கயிறா என்றுதான் எல்லாரும் விவாதிக்கிறார்கள். தனி வண்டியாகக் காட்டுப்பாதையில் போகிறவருக்கு வின்ச் உயிர்நாடி, மறுக்கவில்லை. இழுக்க வேறு வண்டியே இல்லையே! ஆனால் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது விதி. அந்த அளவு வின்ச் நல்ல கனம் இருக்கும். அதைத் தாங்க வேறு பம்பர் வேண்டும். முழு இழுவையில் நானூறு ஆம்பியர் வரை உறிஞ்சும் என்பதால் பேட்டரியும் நல்லதாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து அறுபதாயிரம், எழுபதாயிரம் என்று எங்களுக்கு விலை சொன்னார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னதிலிருந்து சோதனைச் சாவடியில் அந்த பம்பருக்குப் பதில் சொல்வதும் தனி வேலை. பாதசாரிக்கு அடிபட்டால் உயிர் போகும், ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம் என்பதுதான் அந்த நடவடிக்கைக்குக் காரணம். எனக்கு அந்தக் காரணம் நியாயமாகவே தெரிகிறது.

மூன்று வண்டியாகப் போகும்போது ஒவ்வொரு வண்டியும் அடுத்ததற்கு வின்ச்தான். வேண்டியது நடுவில் பூட்டும் நல்ல கயிறு. கயிற்றிலும் வகை பார்க்க வேண்டும். இரும்பு வடமும் சங்கிலியும் நீளாது. ஒரு வண்டி கொஞ்சம் ஓடிவந்து இழுத்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் கொக்கியில் இறங்கும். கொக்கி பிடுங்கிக்கொண்டு பறந்தால் கண்ணாடியை உடைத்து உள்ளே வரும். பட்டையாக வரும் டோயிங் பெல்ட் தார்ச்சாலையில் நின்றுபோன வண்டியை மெதுவாக இழுத்துப் போவதற்கானது. சகதிக்கென்று வருவது கைனெடிக் ரோப் என்னும் பின்னிய நைலான் கயிறு. அது தன் நீளத்தில் 30 சதவீதம் வரை நீண்டு, ரப்பர் போல இழுவையை வாங்கி, சுருங்கும்போது சிக்கிய வண்டியைப் பிடுங்கிக் கொடுக்கும். இழுக்கிற வண்டிக்கும் அடி குறைவு. வண்டி எடையைப் போல மூன்று மடங்கு அறுபலம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முக்கால் அங்குலக் கயிறு எங்கள் மூன்று வண்டிக்கும் தாராளம். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று லாரிக்கானதை வாங்காதீர்கள். அது ஜிம்னி இழுப்புக்கு நீளவே நீளாது, இரும்பு வடம் போலத்தான் நடந்துகொள்ளும்.

கயிறு இருந்தால் மட்டும் போதாது, பூட்ட இடம் வேண்டும். சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேர்ந்த கொக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே குனிந்து பாருங்கள். பம்பரில் மூடியைக் கழற்றித் திருகும் வளையம் சில வண்டிகளில் வரும். அது லாரியில் ஏற்றிக் கட்டவும் மெதுவாக இழுக்கவும் செய்த வளையம், திடீர் இழுப்புக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொண்டியில் கயிற்றை மாட்டவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். இணைப்புக்கு 4.75 டன் என்று பொறித்த வில் ஷாக்கிள் (ஆணி திருகி மூடும் இரும்பு வளையம்), அல்லது கயிற்றாலேயே பின்னிய மெத்து ஷாக்கிள். நான் இரண்டாவதை விரும்புகிறேன். அறுந்தாலும் இரும்பாகப் பறக்காது, கால்கிலோகூட இருக்காது. ஷாக்கிள் மட்டும் வண்டிக்கு இரண்டு வீதம் ஆறு. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள். கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். கயிற்றுக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அன்று அந்தப் பிக்கப்காரர் எங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தியது இதனால்தான்.

ஆனால் கயிற்றுக்கும் முன் கைக்கு வர வேண்டியது மண்வெட்டி. பத்தில் ஏழு தடவை சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணை வெட்டி, காற்றைக் குறைத்து, பலகை போட்டால் வண்டி தானே வந்துவிடும். பிளாஸ்டிக் ஏறுபலகை ஒரு ஜோடி கூட்டத்துக்குப் போதும். ஊரில் போடும் சாக்கு அவசரத்துக்கு உதவும், ஆனால் சக்கரம் அதைச் சுருட்டிப் பின்னால் எறிந்துவிடுகிறது. மனிதர் உயரத்துக்கு வரும் பெரிய ஜாக்கியை வாங்கச் சொல்லி ஆலோசனை வந்தது. அது பழைய ஜீப்பின் இரும்பு பம்பருக்குப் பொருந்தியது. இன்றைய வண்டியில் அதற்குப் பிடிமானமே இல்லை, நழுவினால் கை போகும். ஐந்து டன் பாட்டில் ஜாக்கியும் அடியில் வைக்க இரண்டடி மரப்பலகையும் போதும்.

கூரைக் கூடாரமா, தரைக் கூடாரமா என்பதில்தான் எங்களுக்குள் அதிக நாள் பேச்சு ஓடியது. கூரைக் கூடாரத்தில் மெத்தை உண்டு, ஈரம் ஏறாது, பூச்சி பொட்டு வராது. ஐந்து நிமிடத்தில் விரியும். விலை லட்சத்தைத் தொடும், இரண்டு பேருக்குத்தான் இடம். எடை 50, 60 கிலோ, அதுவும் வண்டியின் உச்சந்தலையில். வண்டி ஓடும்போது கூரை எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள், பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இன்னொரு விஷயம். நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலோ பாம்பு கடித்தாலோ அந்த வண்டியை உடனே எடுக்க முடியாது. கூடாரத்தை மடித்துக் கட்ட வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் ஒரு வண்டியாவது சாவி போட்டால் கிளம்பும் நிலையில், முகம் பாதையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி.

ஆகத் தரைக் கூடாரம் நான்கு, ஒவ்வொன்றும் மூன்று பேருக்கானது என்று எழுதியிருக்கும். அதில் இரண்டு பேர்தான் பையோடு நிம்மதியாகப் படுக்கலாம். ஜனவரியில் அந்தப் பக்கம் உறைபனி விழும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். போர்வையில் காசு போடுவதைவிடக் கீழே விரிப்பதில் போடுங்கள். முதலில் தார்ப்பாய், மேலே கோரைப்பாய், அதன் மேல் மடிக்கும் ஃபோம் பாய். காற்றடைத்த மெத்தை வேண்டாம். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து முதுகு விறைக்கும். பதினைந்துக்கு இருபதடித் தார்ப்பாய் ஒன்றைத் தாருக்கும் பொலேரோவுக்கும் நடுவில் கட்டினால் சமையலுக்கும் உட்காரவும் கூரை ஆயிற்று. உணவுப் பொருள் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. கொடைக்கானலில் காட்டுமாடு வீட்டு வாசல் வரை வரும். எல்லாம் வண்டிக்குள், கண்ணாடி ஏற்றி.

அடுப்பில் எங்களுக்குப் பாடம் சொன்னது ஒரு விடியற்காலை. கையடக்க பியூட்டேன் கேன் அடுப்பு வாங்கிப் போயிருந்தோம். ஆறு மணிக்குக் காபிக்குத் தண்ணீர் வைத்தால் சுடர் ஊதுவத்தி நுனி போல இருந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிநிலை கொண்டது. மூன்று, நான்கு டிகிரிக் குளிரில் அது ஆவியாகவே சோம்பும். வீட்டு எல்பிஜியில் புரொப்பேனும் கலந்திருப்பதால் குளிரிலும் எரியும். 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்றும் இரட்டை அடுப்பு ஒன்றும் எட்டுப் பேருக்கு இரண்டு நாளைக்குத் தாராளம். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள், ஓடும் வண்டியில் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். விறகு வேண்டுமென்றால் தோட்டக்காரரிடம் விலைக்கு வாங்குவோம், காட்டில் பொறுக்குவதில்லை. குக்கரை மறக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் போட்டாலும் கல்லாகவே இருக்கும். குளிராக இருக்கிறதென்று கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் யாரும் கொண்டுபோக வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வண்டிக்கு வண்டி பேச வாக்கி டாக்கி நல்லது, மலையில் செல்போன் நம்ப முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை எல்லாம் வாங்கிவிடாதீர்கள். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் இயங்குபவைக்குத்தான் இங்கே உரிமம் தேவையில்லை. சாட்டிலைட் போன் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கைதுவரை போகும். மூன்று ரேடியோ, மூன்று முதலுதவிப் பெட்டி. இவை வண்டிக்கு வண்டி தனி.

இவ்வளவு பேசிய பிறகும் ஒரு கேள்வியில் போன வாரம் வரை ஒத்துப்போகவில்லை: வரிசையில் யார் முன்னால், கயிறு எந்த வண்டியில்? பலமான வண்டி கடைசியில் வர வேண்டும், யார் சிக்கினாலும் பின்னாலிருந்து இழுக்கலாம் என்பது ஒரு கட்சி. வந்த வழியே பின்னால் இழுப்பதுதான் பெரும்பாலும் எளிது, அந்தத் தடம் ஏற்கெனவே தெரிந்த தடம், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பாதை ஒற்றைத் தடம், ஏற்றம். பின்னால் இழுத்தால் வண்டி வெளியே வரும், மேலே போகாது. தார் முதலில் ஏறி மேட்டில் கெட்டியான தரையில் நின்றுகொண்டால், நடுவில் வரும் பொலேரோவை மேல்நோக்கி இழுத்துவிடலாம். ஜிம்னி எடை குறைவு என்பதால் கடைசியில் வந்தாலும் சகதியில் அவ்வளவாகப் புதையாது. தாரே சிக்கிக்கொண்டால்? அப்போது இழுக்க வேண்டிய கயிறு பின்னால் இருக்க வேண்டும்.

நேற்று இன்னொரு கயிறு வாங்கினோம். பெரியது தாரில், சின்னது ஜிம்னியில். இரண்டும் சாமான்களுக்கு அடியில் போகாமல், கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் இடத்தில்.